காற்றைக் குடித்து வந்த மீன்கள்

1988ஆம் ஆண்டு இலையுதிர்காலம். பரிசின் வடக்குப் பகுதியில், ஒரு பழைய கட்டிடத்தின் ஆறாம் மாடி அறையொன்றில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். மூன்று பேருக்கு உணவகங்களில் கோப்பை கழுவுகிற வேலை; இரண்டு பேருக்கு வேலை இல்லை; ஐந்து பேருக்குமே அகதி விண்ணப்பத்தின் முடிவு வரவில்லை. ஒருநாள் பின்னிரவில், எங்களில் ஒருவர் வேலை முடிந்து வரும்போது, தெருவோரம் யாரோ கழித்துவிட்ட கண்ணாடி மீன்தொட்டி ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆறு மாடியும் ஏறி வந்தார். படுக்கவே இடமில்லாத அறையில் இது எதற்கு என்று சத்தம் போட்டோம். அடுத்த நாள் நாங்களே அதன் வெடித்த மூலைக்குச் சிலிக்கோன் பசை பூசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி ஒழுக்குப் பார்த்தோம். ஒரு வாளி பருமணலை, மேலே வரும் தண்ணீர் தெளியும்வரை, அரிசி கழுவுவதுபோலக் கழுவிப் பரப்பினோம். குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போவதற்காக ஒருநாள் திறந்து வைத்தோம். பரிசின் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்களுக்கு அது ஒன்றுதான் அந்த நகரத்தில் தெரிந்த சாமானாக இருந்தது. செய்ன் நதிக்கரையில், மெஜிஸெரி வீதியில் வரிசையாக இருந்த செல்லப்பிராணிக் கடைகளில் ஒன்றுக்குப் போய் மூன்று தங்கமீன்கள் வாங்கி வந்தோம். பத்து நாளில் மூன்றும் செத்தன.

ஏன் செத்தன என்பது விளங்க எங்களுக்குப் பல வருடங்கள் எடுத்தன. பிரெஞ்சு வாசிக்கப் பழகி, நகரசபை நூலகத்தில் ஒதுங்கத் தொடங்கிய பிறகுதான் தொட்டிக்கும் ஒரு சரித்திரம் உண்டென்று கண்டோம்.

வீட்டுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் மீன் வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இருநூறு வயதுகூட இல்லை. சீனர்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கமீன் வளர்த்தார்கள். ஆனால் அவை குளங்களிலும் பீங்கான் சாடிகளிலும் மேலிருந்து குனிந்து பார்க்கும் மீன்கள். மீனைப் பக்கவாட்டில், அது வாழும் மட்டத்திலேயே இருந்து பார்க்கும் ஆசைக்கு மலிவான கண்ணாடி வேண்டியிருந்தது. 1832இல், ஜான் வில்ப்ரூ-பவர் என்ற பிரெஞ்சுப் பெண், சிசிலித் தீவின் மெசினாவில், கடல் உயிரிகளை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளைச் செய்வித்தார். இங்கிலாந்தில் கண்ணாடிமீது இருந்த வரி 1845இல் நீக்கப்பட்டது. 1850இல், ரொபேர்ட் வாரிங்டன் என்ற லண்டன் இரசாயனவியலாளர், நீர்த்தாவரமும் மீனும் நத்தையும் ஒரே பாத்திரத்தில் நெடுநாள் உயிரோடு இருக்கலாம் என்று செய்து காட்டினார்: மீன் விடும் கழிவுவாயுவைத் தாவரம் எடுத்துக்கொள்ளும், தாவரம் விடும் ஒட்சிசனை மீன் எடுத்துக்கொள்ளும், அழுகிய இலையை நத்தை தின்னும். 1853இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் மண்டபம் திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் எழுதிய நூலோடு 'அக்குவேரியம்' என்ற சொல் வீடுகளுக்குள் நுழைந்தது.

வாரிங்டனின் கணக்கில் ஓர் ஆள் குறைந்திருந்தது. மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது; அது மீனுக்கு நஞ்சு. அதை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைத்திரேற்றாகவும் மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள். இந்த மாற்றத்தைச் செய்பவை உயிர்களே என்பதை 1877இல் நிறுவியவர்கள் ஷ்லோசிங், முண்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு விஞ்ஞானிகள். அவர்கள் ஆராய்ந்தது சாக்கடைத் தண்ணீர். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் மணலில் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். நாங்கள் பத்து நாள்கூடப் பொறுக்கவில்லை. எங்கள் தங்கமீன்கள் தம் கழிவாலேயே செத்தன.

திரும்பவும் அதே கடைக்குப் போனோம். சூடாக்கியும் காற்றுப் பம்பும் வாங்கக் காசில்லை என்பதைக் கைச்சாடையில் விளங்கப்படுத்தினோம். கடைக்காரர் யோசித்துவிட்டு, மூலையிலிருந்த தொட்டி ஒன்றிலிருந்து ஒரு சோடி மீனைப் பிடித்துத் தந்தார். விரல் நீளம்; உடம்பில் சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள்; ஆணுக்கு நீண்டு பிரிந்த வால். சூடாக்கி வேண்டாம், பம்ப் வேண்டாம், இது சாகாது என்றார். அதன் பெயர் சொர்க்க மீன் என்றும் சொன்னார்.

அறையில் எங்களுக்கு மூத்தவர் வன்னியிலிருந்து வந்த அண்ணை. அரைமணி நேரம் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்தார். மீன் மெதுவாக மேலே வந்து, நீர்மட்டத்தில் வாயை வைத்து ஒரு மிடறு காற்றை எடுத்துக்கொண்டு கீழே போனது. சிறிது நேரத்தில் மறுபடியும் வந்தது.

"தம்பியள், உது எங்கட பனையேறின்ர சாதியெல்லோ. பாருங்கோ, காத்துக் குடிச்சிட்டுப் போகுது" என்றார்.

அண்ணை சொன்னது சரி. பனையேறிக் கெண்டையும் சொர்க்க மீனும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவை. செவுளுக்கு மேலே தலைக்குள் மடிப்பு மடிப்பான எலும்புத் தகடுகளும், அவற்றின்மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய தோலும் அவற்றுக்கு உண்டு. வாயால் எடுத்த காற்று அங்கே தங்கும். இரத்தம் அதிலிருந்து ஒட்சிசனை எடுத்துக்கொள்ளும். சுற்றிச் சுற்றிப் போகும் அதன் அமைப்பைப் பார்த்து 'புதிர்வழி உறுப்பு' என்று பெயர் வைத்தார்கள்.

ஐரோப்பிய அறிவியல் ஏடுகளில் இந்த மீன் குடும்பத்தின் கதை தமிழ்க் கரையிலிருந்தே வருகிறது என்பது எங்களுக்கு வியப்பாயிருந்தது. தரங்கம்பாடி டேனியரின் கையில் இருந்த காலம். 1791 நவம்பரில், டால்டோர்ஃப் என்ற டேனிய இராணுவ அதிகாரி அங்கே ஒரு குளத்தோரப் பனையில், தண்ணீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். அது 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அவர் அந்த மீனுக்கு வைத்த இலத்தீன் பெயரின் பொருளும் 'ஏறுவது' என்பதே. மீன் உண்மையில் பனையில் ஏறுமா என்று அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் வாதாடினார்கள். தரையில் அது செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஊன்றி நடக்கும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை; முதல் மழைக்கு எங்கள் குளக்கட்டுகளைக் கடந்துபோகும் பனையேறியைக் கண்டவர்கள் இதை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள்.

அந்த உறுப்பு எதற்கு என்பதிலும் குழப்பம் இருந்தது. பரிசின் பெரிய விலங்கியலாளர் கூவியே, மீன் அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துத் தரையில் செவுளை ஈரமாக்கிக்கொள்கிறது என்று நினைத்தார். மதராஸ் இராணுவ வைத்திய சேவையில் இருந்த பிரான்சிஸ் டே, 1860களிலும் 70களிலும் இந்த வகை மீன்களை நீர்மட்டத்துக்கு வரவிடாமல் தடுத்துப் பார்த்தார். தண்ணீர் நல்லதாக இருந்தும் அவை மூச்சுத் திணறிச் செத்தன. அவை காற்றையே சுவாசிக்கின்றன என்பது அதனால் உறுதியாயிற்று.

இந்த உறுப்பு இல்லாவிட்டால் வெப்பமண்டல மீன் வளர்ப்பின் ஐரோப்பிய வரலாறு இன்னும் பல ஆண்டுகள் பிந்தித்தான் தொடங்கியிருக்கும். கப்பலில் மீன் கொண்டுவருவது என்றால் பீப்பாவிலோ தகரப் பாத்திரத்திலோ, ஆடாத பழைய தண்ணீரில், மாதக்கணக்கில். சாதாரண மீன் சில நாளில் ஒட்சிசன் இல்லாமல் செத்துவிடும். தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன் மட்டும் கரை சேரும். சொர்க்க மீன் அப்படித்தான் வந்தது. 1869இல், சீனாவின் நிங்போவில் பிரெஞ்சுக் கொன்சலாக இருந்த சிமோன் என்பவர் அதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது அதே ஆண்டின் நவம்பரில். மீன்கள் வந்தது அதற்கு முன்பே. நூறு மீன்கள் ஏற்றப்பட்டன என்றும், உயிரோடு வந்து சேர்ந்தவை 22 என்றும் பதிவுகள் சொல்கின்றன.

அவை பியேர் கார்போனியே என்பவரின் கைக்குப் போயின. லூவருக்குப் பக்கத்தில், செய்ன் நதிக்கரையில் அவருக்குக் கடை இருந்தது. நாங்கள் மீன் வாங்கிய வீதியின் தொடர்ச்சிதான் அது. மீன்கள் வந்த அதே ஆண்டிலேயே அவை அவருடைய தொட்டியில் குஞ்சு பொரித்தன. வெப்பமண்டலத்து மீன் ஒன்று ஐரோப்பியக் கண்ணாடித் தொட்டியில் இனம் பெருக்கியதை இங்கிருந்துதான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். 1875இல் கங்கைச் சமவெளியின் 'வானவில் மீன்' கட்டும் கூட்டைப் பற்றியும் அவர் எழுதினார். அதுவும் காற்றைக் குடிக்கும் சாதியே. 1876இல் சொர்க்க மீன் பேர்லினுக்குப் போயிற்று. அங்கே பவுல் மாத்தே என்பவர் அதைப் பெருக்கி விற்றார். தொட்டியின் அடியில் சிறு விளக்கேற்றிச் சூடாக்கி ஜேர்மனியர் இந்தக் கலையை வளர்த்தார்கள்.

கார்போனியே தம் அவதானங்களை வெளியிட்ட ஏடுகளில் ஒன்று, 1854இல் தொடங்கிய ஒரு சங்கத்தினுடையது. அதன் பெயரைத் 'காலநிலைக்குப் பழக்கும் சங்கம்' என்று தமிழாக்கலாம். அந்நிய நாட்டு விலங்குகளையும் செடிகளையும் பிரான்சின் மண்ணுக்குப் பழக்கிப் பயனடைவது அதன் நோக்கம். அச்சங்கம் 1860இல் பரிசின் மேற்கே, புலோன் காட்டில் ஒரு தோட்டம் திறந்தது. 1877முதல் அந்தத் தோட்டத்தில் மனிதர்களையும் காட்சிக்கு வைத்தார்கள். 1883இல் அங்கே காட்டப்பட்டவர்களில் எங்கள் தீவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு கூட்டமும் இருந்தது. யானைகளோடு வந்து, வேலிக்கு உள்ளே சமைத்து, ஆடி, படுத்தெழும்பினார்கள். நகரத்தார் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்த்தார்கள். இன்றைக்கு அது பிள்ளைகளின் விளையாட்டுத் தோட்டம். எங்களில் சிலர் எங்கள் பிள்ளைகளையும் அங்கே கூட்டிப் போயிருக்கிறோம், இதை அறியாமலே.

எங்கள் அறைக்குத் திரும்புவோம். அடுத்த கோடையில், அறை அடுப்புப்போலக் கொதித்த நாட்களில், ஆண்மீன் நீர்மட்டத்தில் நுரை கட்டத் தொடங்கியது. வாயால் காற்றெடுத்து, உமிழ்நீரில் சுற்றிச் சுற்றிச் சிறு குமிழிகளாகத் துப்பி, மிதக்கும் பாசிக்கடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கூடு செய்தது. பிறகு அதன் கீழே பெண்மீனை வில்லுப்போல வளைத்து அணைத்தது. முட்டைகள் எண்ணெய்ப் பசை உள்ளவை. தாமாகவே மேலே மிதந்து கூட்டுக்குள் போயின. வழிதப்பியவற்றை ஆண் வாயில் பொறுக்கிக் கூட்டில் துப்பியது. முடிந்ததும் பெண்ணைக் கடித்துத் துரத்தியது. நாங்கள் அவளை ஒரு ஜாம் போத்தலுக்கு மாற்றினோம், மாற்றாவிட்டால் கொன்றிருக்கும்.

இரண்டு நாளில் குஞ்சுகள் பொரித்துக் கூட்டின் அடியில் தொங்கின. தப்பி விழுந்ததை எல்லாம் தகப்பன் வாயில் எடுத்து மேலே வைத்தது. அவை தாமாக நீந்தத் தொடங்கியதும் தகப்பனையும் எடுத்துவிட வேண்டும். அந்தப் பொழுதோடு அதற்குக் குஞ்சு எது, இரை எது என்று தெரியாமல் போய்விடும். குஞ்சுகளின் வாய் ஊசிமுனை. பொடித்த முட்டை மஞ்சட்கரு போட்டுத் தண்ணீரைக் கெடுத்தோம். அண்ணைதான் சலாட் இலையைத் தண்ணீரில் ஊறவிட்டு வெயிலில் வைக்கச் சொன்னார். நாலைந்து நாளில் அந்தத் தண்ணீர் கலங்கி, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில் பெருகும். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டோம்; குஞ்சுகளின் வயிறு திரண்டது. சற்று வளர்ந்த பிறகு உப்பேரி இறாலின் முட்டை வாங்கி உப்புநீரில் பொரிக்கவைத்துக் கொடுக்கலாம். குஞ்சு மீனுக்கு அது உணவாகும் என்பதைக் கலிபோர்னியாவில் அல்வின் சீல் 1933இல் எழுதினார். நோர்வேயில் ரொலெப்சன் 1939இல் எழுதினார். இன்று உலகத்தின் மீன்குஞ்சுப் பண்ணைகள் அதில் தங்கியிருக்கின்றன. எங்களுக்கு அப்போது அது தெரியாது, தெரிந்தாலும் காசில்லை.

நூற்றுக்கு மேல் குஞ்சுகள் மூன்று கிழமை தாண்டின. நாலாம் கிழமை, மழையும் குளிருமாக வந்த ஒரு பின்னேரம், மீன் பொரித்த மணம் படிக்கட்டில் இறங்குகிறது என்று கீழ்வீட்டார் கதவைத் தட்டினார்கள். பயந்துபோய் யன்னல்களை அகலத் திறந்துவிட்டு, இரவு வேலைக்குப் போய்விட்டோம். விடியத் திரும்பி வந்து பார்க்க, குஞ்சுகள் மேலே சாய்ந்து மிதந்தன. மூன்று நாளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதற்கும் காரணம் பிறகுதான் தெரிந்தது. காற்றைக் குடிக்கும் அந்த உறுப்போடு குஞ்சுகள் பிறப்பதில்லை. மற்ற மீன்களைப்போலச் செவுளோடு மட்டும் பிறந்து, சில கிழமைகள் சென்றபிறகே அது தலைக்குள் வளர்கிறது. அது வளர்ந்து, குஞ்சு முதல் மிடறு காற்றை எடுக்கும் நாட்களில், நீருக்கு மேலிருக்கும் காற்று நீரைப்போலவே இளஞ்சூடாக இருக்க வேண்டும். குளிர்காற்றை விழுங்கினால் சாகும். தொட்டியின்மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து மூடியிருந்தால் போதும். பெற்ற மீன்களோ அதே தொட்டியில், மூடியும் சூடாக்கியும் இல்லாமல் ஒரு பனிக்காலத்தையே கழித்தவை. அவை தாங்கியதைக் குஞ்சும் தாங்கும் என்று நினைத்துவிட்டோம்.

அடுத்த வருடம் மூடி போட்டோம். அறுபது மட்டில் தேறின. ஜாம் போத்தல்களில் இட்டு, தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம்.

எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகு இது பலமுறை ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. நாங்கள் பட்டதை நினைத்துப் பார், உனக்கு இது ஒரு கஷ்டமா என்று கேட்காத வீடு எங்களில் உண்டா? லொறிக்குள் மூச்சடக்கிக் கிடந்து வந்தவர்களுக்கு ஓர் உறுப்பு வளர்ந்திருக்கிறது. பிள்ளைகள் அதோடு பிறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லுக்கு அவர்கள் வாடுவதைப் பார்த்து நாங்கள் கோபப்பட்டோம். யன்னல் திறந்திருந்ததை யோசிக்கவில்லை.

சொர்க்க மீனுக்குப் பிறகு வந்தவற்றின் கதை வேறு. காற்றைக் குடிக்கத் தெரியாத மீன்களுக்கு வேகமான கப்பலும், கையால் இயக்கும் காற்றுப் பம்பும் தேவைப்பட்டன. எங்கள் தீவின் தென்மேற்கு ஓடைகளில் வாழும் செந்நிறச் சிறுகெண்டையைத் தெரணியகல 1929இல் விபரித்தார். அதுவும், 1868இல் லண்டனில் குந்தர் விபரித்த கருஞ்சிவப்புக் கெண்டையும் 1930களில் ஐரோப்பிய வளர்ப்பாளர்களிடம் வந்தன. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு பொலித்தீன் பையும் விமானமும் எல்லாவற்றையும் மாற்றின. ஒருநாள் பட்டினி போட்டு, பையில் மூன்றிலொரு பங்கு தண்ணீரும் மிச்சம் ஒட்சிசனுமாக அடைத்து, இறப்பர் பட்டி போட்டு, றெஜிபோம் பெட்டியில் அடுக்கினால் அடுத்த நாள் ஐரோப்பா. இன்று கடைகளில் உள்ள செந்நிறக் கெண்டைகள் பெரும்பாலும் அந்நியப் பண்ணைகளில் பிறந்து, ஓடை என்பதையே அறியாத தலைமுறைகள். அவற்றின் உறவான பண்டுல கெண்டையோ, 1991இல் விபரிக்கப்பட்டபோது, கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமடைக்கு அருகே ஒரேயொரு சிற்றோடையில் மட்டும் இருந்தது. உலகெங்கும் தொட்டிகளில் ஓர் இனம் பெருகியிருப்பது அதன் ஓடை பிழைத்திருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது.

கொன்சல் சிமோனின் மீன்களைப் பற்றி வாசிக்கும்போது எங்களுக்கு ஒரு விடயம் உறைத்தது. நூறு புறப்பட்டன, 22 வந்தன என்பதை அந்தக் காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1996 நத்தார் இரவில், மால்ராவுக்கும் சிசிலிக்கும் இடையே ஒரு படகு தாண்டபோது இறந்தவர்கள் குறைந்தது 283 பேர். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நெடுங்காலம் நம்பவில்லை. சிசிலி மீனவர்களின் வலைகளில் மீனோடு உடல்கள் ஏறின. பேசினால் தொழில் போய்விடும் என்று அவற்றைத் திரும்பக் கடலில் விட்டார்கள். ஒரு தமிழ் இளைஞரின் அடையாள அட்டை வலையில் வந்த பிறகு, ஒரு மீனவர் வாய் திறந்தார். 2001இல் பத்திரிகையாளர் ஒருவர் கடலடிக்குக் கமரா இறக்கி அந்தப் படகைக் காட்டிய பின்னரே இத்தாலி ஒப்புக்கொண்டது. மீனுக்கு இருந்த கணக்குக்கூட எங்கள் ஆட்களுக்கு உடனே கிடைக்கவில்லை.

வந்து சேர்ந்தவர்கள் தங்கள் கெட்டித்தனத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், எழுதுகிறோம். 22 மீன்கள் மற்ற 78ஐ விடச் சிறந்தவையாக இருந்திருக்கத் தேவையில்லை. அவை இருந்த பாத்திரத்தில் தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம், மேலே காற்றுக்கு இடம் இருந்திருக்கலாம்.

எங்கள் தொட்டியின் கடைசி மீன் 1997இல் செத்தது. ஐந்து பேரும் அதற்கு முன்பே ஆளுக்கொரு திசையில் குடும்பமாகிவிட்டோம். அண்ணை மட்டும் தனியாகவே இருந்தார். சமாதானம் வந்துவிட்டது என்று நம்பி 2003இல் ஊருக்குத் திரும்பினார். அந்த மாரியில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் மழைக்குப் பனையேறி றோட்டைக் கடந்து போனதாகவும், வாளி எடுத்துவர ஓடிப்போய்த் திரும்புவதற்குள் அது வயலுக்குள் இறங்கிவிட்டதாகவும் எழுதியிருந்தார். கடைசி வரியில், தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். தொட்டி இல்லாமல் போனது அவருக்குத் தெரியும், பகிடிக்குத்தான் கேட்டிருப்பார்.

2009க்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. கடிதம் எங்களிடம் இருக்கிறது.